கான்டெஸாவின் கால் அளவு

சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்த மாவு ஒரு கிண்ணம் நிறைய இருந்தது. மேஸ்திரி அதை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, மட்கார்டின் உள்விளிம்பில் வரிசையாக ஒட்டிக்கொண்டே போனார். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் தெருவை ஒட்டிய ஒரு பட்டறை. எதிரே ஜாக்கி மேல் நின்றது 1990ஆம் வருடத்து கான்டெஸா கிளாசிக். முன்பக்கம் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் புது அலாய் வீல் மாட்டியிருந்தது. மற்ற மூன்றும் பழைய இரும்பு வீல்கள்தான்.

"பின்சீட்டுல மூணு பேர் ஏறுங்க. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, அந்த ஸ்பீடு பிரேக்கர்ல ரெண்டு தரம் ஏத்தி இறக்குங்க தம்பி" என்றார். ஏற்றி இறக்கிக் கொண்டுவந்தோம். டார்ச் அடித்துப் பார்த்தார். முன்னோக்கிய மூலையில் இருந்த இரண்டு உருண்டைகள் தோசைபோல் தட்டையாகியிருந்தன. மாவின் கனத்தை நகத்தால் குத்திப் பார்த்துவிட்டு, "மூணு மில்லிமீட்டர்தான் இருக்கு. இந்த வீல் வேணாம்" என்று கழற்றச் சொல்லிவிட்டார்.

வண்டி என் நண்பருடையது. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பிரான்ஸிலிருந்து வந்த பென்ஷன் பணத்தில் வாங்கிய கார் அது. அப்பா போய்ப் பல வருடங்கள் ஆகியும் வண்டியை விற்கவில்லை. டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துச் சேர்த்து, கடைசியாக வீலுக்கு வந்திருந்தார். வீல்தானே, ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கான்டெஸாவை 'நம்ம ஊர் மஸில் கார்' என்று அதை நேசிப்பவர்கள் சொல்வார்கள். அசல் மஸில் காரின் கதை 1964இல் அமெரிக்காவில் தொடங்குகிறது. போன்டியாக் நிறுவனம் ஒரு நடுத்தர காருக்குள் 6.4 லிட்டர் வி8 இன்ஜினைப் பொருத்தி ஜிடிஓ என்று பெயரிட்டது. 325 குதிரைசக்தி. அதே ஆண்டு ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி வரும்வரை அமெரிக்க இளைஞர்களின் குதிரைசக்திப் பசி அடங்கவில்லை. கான்டெஸாவோ இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர் காரிலிருந்து பிறந்தது. அதன் அச்சுகளை வாங்கி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1984இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிக்கத் தொடங்கியது. முதலில் உள்ளே இருந்தது அம்பாசிடரின் அதே 1.5 லிட்டர் இன்ஜின். அந்த நீண்ட உடம்பை இழுக்க அது பட்ட பாடு பழைய டிரைவர்களுக்குத் தெரியும். பிறகு ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியரும் வந்தபோதுதான் வண்டி தன் உருவத்துக்கு ஏற்ற நடையைப் பெற்றது. 2002இல் தயாரிப்பு நின்றது.

குதிரைசக்தியை வைத்துப் பார்த்தால் ஜிடிஓவின் பக்கத்தில் இது நிற்க முடியாது. ஆனாலும் மஸில் கார் என்ற பெயர் பொருந்துகிறது என்றே நான் நினைக்கிறேன். நீண்ட பானட், இடுப்பு வளைவு, பின்சக்கரத்தை இன்ஜின் தள்ளும் அமைப்பு எல்லாம் அதே குடும்பத்து ஜாடைதான். ஒரு கார் ஒரு தலைமுறைக்கு என்னவாகத் தெரிந்தது என்பதும் அதன் குணத்தில் சேர்த்திதான்.

நண்பரின் கனவில் இருந்தது ஐந்து கைகள் விரிந்த, நட்சத்திரம் போன்ற ஒரு வீல். அமெரிக்கன் ரேசிங் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த டார்க் திரஸ்ட் என்ற வடிவம் அது. 1968இல் வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய பச்சை மஸ்டாங்கின் கால்களில் இருந்தது அதன் தம்பி வடிவம். இன்றுவரை உலகம் முழுக்க அதைப் போலவே வார்த்துத் தள்ளுகிறார்கள். அந்தச் சாயலில் ஒரு செட்டை நண்பர் வாங்கிவந்ததில் எந்தக் குறையும் இல்லை. வாங்கும் முன் வண்டியை அளக்காததுதான் குறை.

அந்தத் தவறை அவருக்கு முன்பே நான் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவின் அம்பாசிடருக்கு, முன்சக்கரத்தால் ஓடும் புதுக் காருக்கென்று செய்த அலாய் வீல்களை ஆசைப்பட்டு வாங்கினேன். மாட்டினால் வீல் உள்ளே போய் அடிப்பாகத்தில் இடித்தது. கடைக்காரர் நடுவில் ஸ்பேசர் என்று ஒரு கனத்த அலுமினியத் தட்டைச் செருகி இறுக்கிக் கொடுத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் திண்டிவனம் சாலையில், கிளியனூர் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நடுங்க ஆரம்பித்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரத்தில் வீலைத் தாங்கும் இரண்டு ஸ்டட் ஒடிந்து போயிருந்தன. மிச்சமிருந்தவை வீலை விட்டுவிடலாமா என்று யோசிப்பதுபோல் தளர்ந்திருந்தன. பின்சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று வேகமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் நினைப்பு வரும். வீல் எனக்கு வெறும் அழகுப் பொருள் அல்ல என்பதற்கு அந்த மத்தியானம்தான் காரணம்.

கான்டெஸாவுக்குத் திரும்புவோம். பொருந்தாத வீலைக் கழற்றிய பிறகு மேஸ்திரி முதலில் எடுத்தது வெர்னியர் காலிப்பர். வீல் வந்து உட்காரும் ஹப்பில் ஸ்டட்கள் எல்லாம் ஒரு வட்டத்தில் நிற்கின்றன அல்லவா, அந்த வட்டத்தின் விட்டத்தைத்தான் பிசிடி என்கிறார்கள். நான்கு ஸ்டட் என்றால் எதிரெதிரே அளந்தால் போதும். ஐந்து என்றால் எதிரே ஆள் இல்லை. ஒன்றை விட்டு அடுத்ததற்கு அளந்து, அதை 0.951ஆல் வகுக்க வேண்டும். இங்கேதான் பலர் விழுகிறார்கள். ஃபோர்டு மஸ்டாங் வி8இன் அளவு 114.3 மில்லிமீட்டர், நம் இன்னோவாவுக்கும் அதே அளவு. ஷெவ்ரலே கமரோவுக்கு 120.65. ஷெவ்ரலே ஹப்பில் ஒன்றை விட்டு ஒன்று நேராக அளந்தால் டேப் காட்டுவது 114.7. வகுக்க மறந்தவர் "ஆகா, 114.3 தான்" என்று வேறு வீலை வாங்கிவந்துவிடுவார். நட்டை முறுக்கி இழுத்தால் ஏறுவதுபோலவும் தோன்றும். ஆனால் ஒவ்வொரு ஸ்டட்டும் வளைந்த நிலையில் சுமை தாங்கும். வளைந்து தாங்கும் இரும்பு ஒரு நாள் ஒடியும்.

பிசிடி பொருந்தினால் வேலை முடிந்தது என்று விற்பவர்கள் சொல்வார்கள். என் அம்பாசிடருக்கும் பிசிடி பொருந்தத்தான் செய்தது. கவிழ்த்தது ஆஃப்செட். வீலின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போடுங்கள். ஹப்பில் ஒட்டி உட்காரும் முகம் அந்தக் கோட்டிலேயே இருந்தால் ஆஃப்செட் பூஜ்யம். முகம் வெளிப்பக்கம் தள்ளி இருந்தால் வீல் வண்டிக்குள் போகும். இன்று ஓடும் முன்சக்கர இழுவைக் கார்களின் வீல்களில் இது 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். பின்சக்கரத் தள்ளலில் ஓடும் பழைய கார்களுக்குப் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே அமைத்தார்கள். ஆகவே கடையில் தொங்கும் பத்தில் ஒன்பது அலாய் வீல்கள் பழைய காரில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் உள்ளே போய் ஸ்பிரிங்கையோ பிரேக் குழாயையோ முத்தமிடும். அதைத் தீர்க்கத்தான் ஸ்பேசர் என்ற தட்டு. தட்டின் கனம் அளவுக்கு நட்டு பிடிக்கும் மரை குறைகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. 12 மில்லிமீட்டர் ஸ்டட், 1.5 மில்லிமீட்டர் மரை என்றால், நட்டு கையால் குறைந்தது எட்டு சுற்று ஏற வேண்டும். நான்கு சுற்றில் நின்றால் அந்த வீலைக் கீழே வையுங்கள்.

ஆஃப்செட்டை மறுபக்கம் தவறவிட்டாலும் தொல்லைதான். வீல் வெளியே துருத்தினால் பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் சுமை பேரிங்கின் வெளிப்பக்கத்தில் விழுந்து அதைத் தின்னும். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில், டூமாஸ் வீதி முனையில் ஒரு திருப்பம் திருப்பிப் பார்த்தால் தோள்பட்டை சொல்லும்.

நடு ஓட்டையும் நட்டின் அடிப்பகுதியும் பார்க்க வேண்டியவை. வீலின் நடு ஓட்டை ஹப்பின் மூக்கில் சரியாக உட்கார வேண்டும், பெரிதாக இருந்தால் இடைவெளிக்கு வளையம் உண்டு. கூம்பு நட்டு வேண்டிய ஓட்டையில் உருண்டை நட்டைப் போட்டு முறுக்கக் கூடாது. பழைய இரும்பு வீலின் நட்டை அலாய்க்கு அப்படியே மாற்றவும் கூடாது. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1970 வரை வந்த கிறைஸ்லர் குடும்பத்து அமெரிக்க கார்களில் இடப்பக்க நட்டுகளுக்கு எதிர்மரை இருக்கும். பழக்கமில்லாதவர் கழற்றுவதாக நினைத்து இறுக்கி இறுக்கியே ஸ்டட்டை ஒடித்துவிடுவார்.

இனி டயர். அதன் பக்கச்சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புதுச்சேரி நினைவு வரும். 195/65 ஆர்15 என்பதில் 195 மில்லிமீட்டர் என்பது பிரான்ஸ் உலகுக்குத் தந்த மெட்ரிக் அளவு, 15 என்பது இங்கிலாந்துக்காரனின் அங்குலம். ஒரே வரியில் இரண்டு ஆட்சியும் குடியிருக்கின்றன. அந்த 'ஆர்' ரேடியல். நூல் அடுக்குகளைக் குறுக்கே சாய்த்துப் பின்னாமல், விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓட்டி, மேலே எஃகுப் பட்டை சுற்றும் முறை. பிரான்ஸின் மிஷெலின் 1946இல் காப்புரிமை வாங்கி, 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே 1946இல் சென்னை திருவொற்றியூரில் கே.எம். மாமன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அந்தக் கொட்டகைதான் எம்.ஆர்.எஃப். ஆனது. இன்று புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் பக்கம் ஏரிப்பாக்கத்தில் அதன் டயர் தொழிற்சாலை இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த டயர், பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண்ணில், பலூனில் தொடங்கிய ஒரு மலையாளியின் கம்பெனியில் வார்க்கப்படுகிறது. அம்பாசிடர் என்ற பெயரைக்கூட 2017இல் 80 கோடி ரூபாய் கொடுத்து பிரான்ஸின் பெஜோ குழுமம்தான் வாங்கியது.

அளவுக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்ப்போம். உங்கள் பழைய டயர் 175/80 ஆர்14 என்று வைத்துக்கொள்ளுங்கள். 175இல் 80 சதவீதம் 140 மில்லிமீட்டர், இது பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழும் சேர்த்து 280. ரிம்மின் 14 அங்குலம் 355.6. மொத்த உயரம் 635.6. ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் ஓடும். 195/65 ஆர்15க்கு இதே கணக்கைப் போட்டால் 634.5 வருகிறது. ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியரின் இழுவையும் மாறாது. 225/45 ஆர்17 போட்டாலும் உயரம் 634 தான். ஆனால் 140 இருந்த பக்கச்சுவர் 101 ஆகச் சுருங்கிவிடும். அந்த 39 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் குழிக்கும் உங்கள் முதுகெலும்புக்கும் நடுவே நின்றவை. நம் சாலையில் 17 அங்குலம் போட்ட பழைய கார்களைப் பார்த்திருக்கிறேன். ரிம் விளிம்பில் பல் உடைந்தவன் சிரிப்பு. பழைய வண்டிக்கு ஓர் அங்குலம் ஏற்றினால் போதும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அகலமும் அப்படித்தான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை இந்த ஊர் மறந்திருக்காது. ரெயின்போ நகரில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. அகலமான டயர் ஈரச் சாலையில் தண்ணீரைக் கிழித்துப் போகாது, வேகம் கூடினால் அதன் மேல் ஏறி மிதக்கும். கனமில்லாத பின்பக்கமும், ஏபிஎஸ் இல்லாத பிரேக்கும் கொண்ட காரில் அது விளையாட்டல்ல.

பழைய கார்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது டயரின் வயதில். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் பிறந்தது. வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியில் பட்டன் தேயவே தேயாது, ஆனால் ரப்பர் உள்ளே காய்ந்துகொண்டே இருக்கும். நண்பரின் ஸ்டெப்னியைத் திருப்பிப் பார்த்தோம். பட்டன் புத்தம் புதிது. பக்கச்சுவரை விரலால் அழுத்தினால் எறும்புத் தடம்போல் வெடிப்புகள். வெளியே எடுத்துப் போட்டுவிட்டோம். சுமைக் குறியையும் பார்த்து வாங்க வேண்டும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ, 88 என்றால் 560, 91 என்றால் 615.

எல்லா ஊருக்கும் பொதுவானதைச் சொன்னேன். புதுச்சேரிக்கு மட்டும் உரிய எதிரி உப்பு. கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்களில் ஜன்னல் கம்பியும் ஏசியின் முதுகும் என்ன கதி அடைகின்றன என்று அங்கே வீடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். அலுமினிய வீல் துருப்பிடிக்காது என்று நம்பி வாங்குகிறோம். சிவப்புத் துரு பிடிக்காது, உண்மை. ஆனால் கல் பட்டு மேல் வார்னிஷில் ஒரு புள்ளி பெயர்ந்தால் போதும், உப்பு ஈரம் அங்கே நுழைந்து, வார்னிஷின் அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோல் கோடு கோடாகத் தின்றுகொண்டு போகும். இரும்பு ஹப்பும் அலுமினிய வீலும் ஒட்டும் முகத்தில் இன்னும் மோசம். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அது ஒரு பேட்டரி. அலுமினியம் கரைந்து, வெள்ளைப் பொடியாகி, வீலை ஹப்போடு பற்றவைத்ததுபோல் பிடித்துக்கொள்ளும். பஞ்சரான இரவில் நட்டு எல்லாம் கழன்ற பிறகும் வீல் வராமல், உதைத்து உதைத்துக் கால் வலித்தவர்கள் இந்த ஊரில் உண்டு. மேஸ்திரி ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, செம்பு கிரீஸை ஒரு படலம் மட்டும் தடவினார். ஸ்டட் மரையில் ஒரு துளிகூடப் படவிடவில்லை. மரையில் எண்ணெய் இருந்தால் அதே முறுக்கில் நட்டு கூடுதலாக ஏறி ஸ்டட்டை இழுத்துவிடும். கடற்கரை ஓரம் நிறுத்திவிட்டு வந்தால் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், சோப்புகூட வேண்டாம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வண்டியின் விவரங்கள் மாறும்படி திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது. எனவே தயாரிப்பாளர் குறித்த உயரத்தை விட்டு விலகாமல், மட்கார்டுக்கு வெளியே துருத்தாமல், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள டயரோடு நிற்பதே நல்லது. பழைய வீல்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது அதைவிட நல்லது. 2021இல் வந்த விதிகளின்படி ஐம்பது வயது தாண்டிய, அசல் உருவில் உள்ள கார்களை 'விஏ' எழுத்துகளோடு விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். முதல் கான்டெஸாக்களுக்கு 2034இல் அந்த வயது வருகிறது.

நண்பர் முதலில் வாங்கிய வீல் செட்டை நஷ்டத்துக்கு விற்றார். அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு சென்னைக்கு இரண்டு தரம் போய்வந்தோம். கடைசியில் கிடைத்தது 15 அங்குலம், ஐந்து கை, ஆஃப்செட் பூஜ்யத்தை ஒட்டியது. அவர் நினைத்த பளபளப்பு இல்லை, சாம்பல் நிறம். மாட்டுவதற்கு முன் மறுபடி மாவு பிசைந்தார்கள். மூன்று பேர் ஏறினோம், ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினோம். டார்ச் வெளிச்சத்தில் உருண்டைகள் எல்லாம் நெல்லிக்காய் நெல்லிக்காயாகவே இருந்தன. மேஸ்திரியின் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். பழைய இரும்பு வீல்களைச் சாக்கில் சுற்றி, நண்பர் தன் வீட்டுப் பரணில் ஏற்றி வைத்தார்.

மறுநாள் விடியற்காலை. சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டிக்கு அனுமதியில்லை என்பதால், அங்கே போகும் ஆசையை ஒத்திவைத்துவிட்டு ஈசிஆரில் வடக்கே திரும்பினோம். ஸ்டியரிங் முன்பைவிடக் கொஞ்சம் கனம், ஆனால் நேர்க்கோட்டில் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போனது. மரக்காணத்தில் உப்பளத்தின் பாத்திகள் வெளுத்துக் கிடந்தன. டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். எழுபது கிலோமீட்டர் இருக்கும். நேராகப் பட்டறைக்கே போகச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. புது அலாய் வீல் முதல் ஓட்டத்தில் தன் இடத்தில் படியும், படிந்தால் நட்டு தளரும், நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்கியே ஆக வேண்டும் என்பது அவர் விதி.

வீல் ஆறும்வரை காத்திருந்து, டார்க் ஸ்பேனரை எடுத்தார். ஒன்றை விட்டு ஒன்று, நட்சத்திரம் போடுவதுபோல், ஒவ்வொரு நட்டாக வைத்து 'டிக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தினார். மூன்று வீலில் எதுவும் அசையவில்லை. நான்காவதில், டிரைவர் பக்கம் முன்னால், ஒரே ஒரு நட்டு கால் சுற்று உள்ளே போனது.